கோடு படுக்கும் வரை

அந்த நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை வருகிறவர்கள் கீழ்த்தளத்தின் கடைசி அறைப் பக்கம் போனால் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஊது, ஊது, ஊது, விடாதே, விடாதே, உள்ள இன்னும் இருக்கு, எனக்குத் தெரியும், ஊது!" என்று சுவர்க் காரை உதிர்கிற மாதிரி கத்தும். யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று நினைத்துப் புது வாட்ச்மேன் ஒருவர் கம்போடு ஓடி வந்திருக்கிறார். கதவைத் தள்ளிப் பார்த்தால், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு, வாயில் அட்டைக் குழாயைக் கவ்விக்கொண்டு, கண் பிதுங்க ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று அவரை விரட்டிக்கொண்டிருந்தவள்தான் ஊதக்கா.

ஊதக்கா என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் விசாரித்தால், அப்படி இங்கே யாரும் இல்லையே என்று கையை விரித்துவிடுவார்கள்.

அவள் அந்த வேலைக்கு வந்ததே குரலால்தான். முதலில் பழைய ஃபைல்கள் அடுக்கும் பிரிவில் இருந்தாள். ஒருநாள் கேன்டீன்காரரிடம் டீ தண்ணியாக இருக்கிறது என்று சண்டை பிடித்தாள். சண்டை கேன்டீனில், சத்தம் மூன்றாவது மாடியில். அங்கே அப்போதுதான் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா படியிறங்கி வந்து, "யாரு கத்தினது?" என்று கேட்டார். வேலைக்கு உலை வைத்துக்கொண்டோம் என்று நடுங்கிப்போனவளிடம், "இந்தக் குரல் எனக்கு வேணும், நாளையிலேருந்து மூச்சு மிஷின்கிட்ட வந்துடுங்க" என்றார். டீ மட்டும் இன்றுவரை தண்ணியாகத்தான் இருக்கிறது.

மூச்சுப் பரிசோதனைக்குக் குரல் எதற்கு என்று கேட்கலாம். மற்றச் சோதனைகளில் நோயாளிக்கு வேலையே இல்லை. கையை நீட்டினால் ரத்தத்தை ஊசி எடுத்துக்கொள்ளும். சும்மா நின்றால் எக்ஸ்ரே படம் பிடித்துக்கொள்ளும். இதில் அப்படி முடியாது. நெஞ்சு கொள்ளுமட்டும் காற்றை இழுத்து, ஒரே வேகத்தில் வெளியே தள்ளி, அதற்கப்புறமும் விடாமல், கடைசிச் சொட்டுவரை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மனுஷ ஜாதி என்ன செய்யும்? முதல் தள்ளு தள்ளிவிட்டு, வேலை முடிந்தது என்று குழாயை எடுத்துவிடும். சிலர் மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி உதட்டைக் குவித்து 'ஃபூ' என்பார்கள். சிலர் கன்னத்தை மட்டும் உப்பவைத்துப் பெரிதாக உழைத்த முகம் காட்டுவார்கள். ஒருவருக்குப் பல் செட்டே குழாயோடு வந்துவிட்டது.

திரையில் ஒரு கோடு வரும். ஊத ஆரம்பித்ததும் விறுவிறுவென்று ஏறும், பிறகு வளையும், காற்று தீர்ந்ததும் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். நல்ல நுரையீரல் முக்கால்வாசிக் காற்றை முதல் செகண்டிலேயே கொட்டிவிடும். கோடும் சீக்கிரம் படுத்துவிடும். மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்குக் காற்று கசிந்து கசிந்துதான் வரும். கோடு படுக்காமல் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கசிகிற கடைசிப் பகுதியில்தான் நோய் ஒளிந்துகொண்டிருக்கும். அதனால் ஊதக்காவுக்கு ஒரே சட்டம்: கோடு படுக்கும் வரை யாரையும் விடக் கூடாது. ஆள் யாராக இருந்தாலும் சரி. ஒரு நீதிபதியை, "ஏய், நிறுத்தாதே!" என்று அதட்டியிருக்கிறாள். ஊதி முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்த அந்த மனிதர், "இவ்வளவு சத்தத்தை நான் கோர்ட்டுல அனுமதிக்கிறதே இல்லம்மா" என்றாராம்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதும் வேறு ஆளாகிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டால், "அந்தம்மாவா, வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதே" என்பார்கள். காரணம் இருக்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து யாராவது யாரையாவது பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். வாழ்க்கைப்பட்டது ஒரு கார் பெயிண்டருக்கு. கல்யாணமான புதிதில் பாலைப் பொங்க விட்டு அடுப்பை அணைத்துவிட்டாள். இன்றைக்குத் தொலைந்தோம் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துவிட்டு, "பால் போனாப் போகுது, கடும் டீ போடலாமா?" என்றார். அன்றைக்கு அவள் முடிவு பண்ணினாள், இந்த வீட்டில் தன் குரல் ஒருநாளும் உயரக் கூடாது என்று. மகள் பிறந்து, வளர்ந்து, வேறு ஊரில் படிக்கப் போன பிறகும் அந்த முடிவில் மாற்றமில்லை.

பெயிண்டர் லேசுப்பட்ட ஆளில்லை. நசுங்கிய கதவோடு கார் வந்தால், தட்டி நிமிர்த்தியபின் அவர் நிறம் கலந்து அடித்துக் கொடுப்பார். கார் சொந்தக்காரர் எந்தக் கதவு நசுங்கியது என்று தேடிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். வெள்ளையில் மட்டும் எத்தனையோ வெள்ளை உண்டு என்பார் பெயிண்டர். மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை, கையில் ஸ்ப்ரே துப்பாக்கி, தகரக் கொட்டகை. இதுதான் அவர் தொழில். பெயிண்ட் சீக்கிரம் இறுகுவதற்கு அதில் ஹார்டனர் என்று ஒன்றைக் கலப்பார்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது. டின்னில் எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள்?

இரண்டு வருஷமாக அவருக்கு இருமல். வேலை நாட்களில் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழந்தை மாதிரி தூங்குவார். வீட்டுக்கு ஏறும் படியில் பாதி வழியில் நின்று, போனில் எதையோ பார்க்கிற பாவனை செய்வார். போன் அணைந்திருக்கும். ஊதக்காவுக்கு இதெல்லாம் புரியாதா? தினமும் வேறு முகங்களில் பார்க்கிறதுதானே. "ஒரு தடவை வந்து ஊதிட்டுப் போங்களேன்" என்று அவளும் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டாள். தூசு, பனி, வயசு என்று அவரும் எத்தனையோ விதமாகத் தட்டிக் கழித்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே வருகிறேன் என்றார். ஒரு பெரிய கார் கம்பெனியின் பட்டறையில் தலைமைப் பெயிண்டராகக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஆயுசுக்கும் ஆசைப்பட்ட வேலை அது. கண்ணாடி அறை, புகையை உறிஞ்சுகிற மிஷின், கீழே நாலு பேர். ஒரே நிபந்தனை, நெஞ்சு டாக்டர் கையெழுத்துப் போட்ட மூச்சு ரிப்போர்ட் வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். வராந்தாவில் நின்று இருமலையெல்லாம் முன்கூட்டியே இருமித் தீர்த்துவிட்டுத்தான் அறைக்குள் நுழைந்தார்.

உயரம் அளந்தாள், வயதைப் பதித்தாள், கிளிப்பை மாட்டினாள். எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னாள். குழாயைக் கவ்விக்கொண்டு, அதற்கு மேலாக அவர் அவளைப் பார்த்தார். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளை அம்மாவைப் பார்க்கிற பார்வை.

"இழுங்க... இன்னும் இழுங்க... ஊதுங்க!"

ஊதினார். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணோரம் தண்ணீர் திரண்டது. இதே மாதிரி முகங்களை அவள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். ஒன்றுக்கும் மனம் இளகியதில்லை. அன்றைக்கு என்ன ஆயிற்றோ, வழக்கமாகக் கத்துகிற இடம் வந்ததும் குரல் தொண்டையோடு நின்றுவிட்டது.

"போதுங்க," என்றாள்.

மூன்று தடவை ஊதச் சொன்னாள். மூன்று தடவையும் அதே இடத்தில் போதுங்க. ஊதிய நேரம் போதவில்லை என்று மிஷின் சிவப்பு எழுத்தில் சொன்னது. சரி சரி என்று ஒரு பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தாள். எண்கள் வந்தன. எல்லாம் பச்சை. பச்சை என்றால் பாஸ்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா அன்று லீவு. நாளைக் காலையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினாள். அவர் வராந்தாவில் நின்றே பட்டறைக்கு போன் போட்டார். "பாஸுங்க, எல்லாம் பச்சை" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்து அவள் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

மத்தியானம் ஒரு தச்சர் வந்தார். மருமகள் தொல்லை தாங்காமல் வந்தேன், எனக்கு ஒரு கேடும் இல்லை என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். தோளும் மாருமாகத் திடமான ஆள். குழாயைக் கவ்வி ஓங்கி ஊதினார், கோடு விறுவிறுவென்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் தச்சர், முடிந்தது என்று கையைக் காட்டினார். ஊதக்கா விடுவாளா? "ஊது, ஊது, ஏமாத்தாதே, இன்னும் இருக்கு!" அவர் ஊத ஊதக் கோடு படுக்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. கடைசியில் எண்கள் வந்தபோது பச்சை இல்லை. குழாய் சுருக்கம், நன்றாகவே சுருக்கம்.

தச்சர் கையைக் காட்டினாரே, அந்த இடத்தில் விட்டிருந்தால் அவருக்கும் பச்சைதான் வந்திருக்கும். அந்த நினைப்பு வந்ததும் தச்சரை வெளியே உட்காரவைத்துவிட்டு, காலையில் பெயிண்டருக்கு எடுத்ததைத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள்.

கோடு படுக்கவே இல்லை. ஏறிக்கொண்டிருந்தபடியே அறுபட்டு நின்றது. மொத்தம் எவ்வளவு காற்று என்று தெரிந்தால்தானே, முதல் செகண்டில் வந்தது அதிகமா குறைவா என்று சொல்ல முடியும்? மொத்தத்தைப் பாதியில் வெட்டிவிட்டால், வந்த கொஞ்சமே பெரிய பங்காகத் தெரியும். அவளைத் தவிர வேறு யார் எடுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்காது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். பாசத்தால் செய்தோம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. தன் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இந்தப் பேப்பரோடு அவர் அந்தக் கண்ணாடி அறைக்குள் போவார். உறிஞ்சுகிற மிஷின் எவ்வளவுதான் உறிஞ்சும்? இன்னும் சில வருஷத்தில், ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதே அறைக்கு வருவார். அப்படி வருகிறவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டாள். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"என்னங்க, நாளைக்கு இன்னொரு தடவை வந்து ஊதணும்."

"எதுக்கு? அதான் பச்சையா வந்துச்சே."

"நான் சரியா எடுக்கலங்க. பாதியில நிறுத்திட்டேன்."

"ஊருக்கெல்லாம் எடுக்கிறவ, எனக்கு மட்டும் சரியா எடுக்கலையா?"

"ஆமா."

அவர் கை தட்டிலேயே நின்றது. "பாஸானவனைக் கூப்பிட்டு மறுபடி பரீட்சை எழுதச் சொல்ற வாத்தியாரை இப்பதான் பாக்குறேன்," என்றார். வேடிக்கையாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது வேடிக்கை இல்லை. "பட்டறைக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவங்க எனக்குத் யூனிஃபார்ம் தைக்க அளவுகூடக் கேட்டுட்டாங்க. நாளைக்கு வேற மாதிரி வந்தா நான் என்ன பண்றது? பெயிண்டை விட்டா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு."

"தெரியலங்க."

"தெரியாம எதுக்குக் கிளறுற? இருக்கிற பேப்பர்ல கையெழுத்து வாங்கிக் குடுத்தா முடிஞ்சு போச்சு."

"டாக்டரம்மா போடமாட்டாங்க. அவங்க போட்டாலும் நான் குடுக்கமாட்டேன்." குரல் உயரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். "உங்க மூச்சு எப்படி இருக்குன்னு மிஷின் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? பக்கத்துல படுக்கிறது நான்தானே. நீங்க எந்திரிச்சு உக்காரும்போதெல்லாம் நானும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். ஒரு தட்டுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே, "எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

காலையில் டாக்டரம்மா அந்தக் கோட்டைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றினார். "இது நீங்க எடுத்ததா?" என்று கேட்டார். ஊதக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. "நான் வேணா எடுக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம் டாக்டர். நானே எடுக்கிறேன். நீங்க பக்கத்துல மட்டும் இருங்க."

மறுபடியும் கிளிப், மறுபடியும் குழாய். பெயிண்டர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இழுத்தார். அவள் ஊதச் சொன்னாள். ஊதினார். முகம் சிவந்தது, நரம்பு புடைத்தது, நேற்று நின்ற அதே இடம் வந்தது. அவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று குழாயைத் தளர்த்தப் போனார்.

"விடாதே!" என்று ஒரு சத்தம். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தார். "ஊது, ஊது, ஊது! என்னைப் பாத்துக்கிட்டே ஊது! உள்ள வச்சிருக்கே, எனக்குத் தெரியும், எல்லாத்தையும் குடு, குடு, இன்னும், இன்னும், இன்னும்!"

இத்தனை வருஷத்தில் அவர் இந்தக் குரலைக் கேட்டதே இல்லை. ஆனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு ஊதினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவளுக்கும் வழிந்தது; துடைக்க நேரமில்லாமல் கத்திக்கொண்டிருந்தாள். கோடு ஏறியது, இன்னும் ஏறியது, நினைத்ததைவிட வெகுதூரம் போய் ஒருவழியாகப் படுத்தது. மூன்று தடவை எடுத்தாள். மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக விழுந்தன. பொய் சொல்கிறவனுக்கு அப்படி மூன்று தடவை வராது.

எண்கள் பச்சையில் வரவில்லை. டாக்டரம்மா ஒரு இன்ஹேலரைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடியும் ஊதச் சொன்னார்கள். இந்தத் தடவை கோடு நன்றாகவே மேலே போனது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"குழாய் சுருங்கியிருக்கு. ஆனா மருந்துக்குத் திறக்குது, அது நல்ல சேதி. லீவு நாள்ல உங்களுக்கு நல்லாயிருக்குன்னு இவங்க சொல்றாங்க. அப்படின்னா வேலைதான் காரணமா இருக்கணும். அதையும் உறுதி பண்ணிக்குவோம். ஆனா அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். ஸ்ப்ரே அடிக்கிற இடத்துக்கு இனிமே போகாதீங்க. இப்ப விட்டா தேறிடலாம். விடலைன்னா அப்புறம் மருந்தும் கேக்காது."

"அந்த அறையில புகையை உறிஞ்சுற மிஷின் இருக்குங்க," என்றார் பெயிண்டர், கடைசியாக ஒரு தடவை.

"இருக்கட்டும். ஒருதடவை ஒத்துக்காமப் போன உடம்புக்குத் துளி போதும்."

அவர் எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாக ஊதக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் நின்று போன் பேசினார். பேசும்போதே இன்னொரு கை அந்தக் காரின் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ மோசமாக நிறம் அடித்திருந்தார்கள் போல. பேசி முடித்த பிறகும் அங்கேயே நின்றார். அவளுக்கு ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருந்தது. காத்திருந்த நோயாளிகளை மறந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேன்," என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"வேற ஆள் பாத்துக்குவாங்களாம். உடம்பைப் பாத்துக்கோங்கன்னாங்க. நல்ல மனுஷங்கதான்."

"என் மேல கோபமா?"

அவர் யோசித்தார். "கொஞ்சம் இருக்கு," என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இதை எப்படி இழுக்கணும்? டாக்டரம்மா சொன்னப்ப ஒண்ணுமே காதுல ஏறல."

அவள் அதைக் குலுக்கிக் கொடுத்தாள். முதலில் மூச்சை முழுக்க விடணும், அப்புறம் வாயில் வைத்து அழுத்திக்கொண்டே மெதுவாக இழுக்கணும், இழுத்ததைப் பத்து எண்ணும்வரை உள்ளேயே வைத்திருக்கணும் என்று சொன்னாள். அவர் அப்படியே செய்தார். வாயை மூடிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவளையே பார்த்தார். அவள் எண்ண ஆரம்பித்தாள். ஆறுவரைக்கும் எண்ணினாள். ஏழு என்று வாயைத் திறந்தபோது குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. மூச்சை விடாமல், மீதியை அவரே விரல் மடக்கி எண்ணினார்.